பேக்கப்புக்கு முன்னால் ஒரு சிரிப்பு

செத்துக் கிடக்கும்போது அவருக்குத் தொல்லை கொடுப்பது எச்சில்தான். மூச்சைக் கட்டுவது பழகிவிட்டது. ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தாலும் இமை அசையாது. எச்சில் மட்டும் ஊறிக்கொண்டே இருக்கும். விழுங்கினால் தொண்டை ஏறி இறங்கும். கிட்டத்தில் வைத்த கேமராவில் அது கிணற்றுக்குள் வாளி போய்வருகிற மாதிரி தெரியும். அதனால் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடைவாய் வழியே வழியவிட்டுவிடுவார். பார்ப்பவர்களுக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

சினிமாக்காரர்கள் அவரை பாடி என்று கூப்பிட்டார்கள். "பாடி வந்தாச்சா?" "பாடிக்கு டீ குடுத்தீங்களா?" அவரும் திரும்பிப் பார்ப்பார். வயிற்றுப்பாட்டுக்கு அவர் வீடுகளில் ஜன்னல் திரை மாட்டுகிறவர். மனைவி தைப்பாள்; அவர் சுவரில் துளை போட்டு, கம்பி பொருத்தி, மாட்டிவிட்டு வருவார். ஒரு படப்பிடிப்புக்குத் திரை மாட்டப் போன இடத்தில், பிணமாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. ஏணியில் நின்றுகொண்டிருந்த இவரைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் படுக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். படுத்தார். அதன் பிறகு ஆற்றங்கரையில், கார் டிக்கியில், ஆஸ்பத்திரி மேஜையில், பெரிய மனிதர் வீட்டு நீச்சல் குளத்தில் என்று பல இடங்களில் செத்துவிட்டார். போலீஸ்காரர் துணியை விலக்குவார், யாராவது வாயைப் பொத்திக்கொள்வார்கள், அத்தோடு அவர் வேலை முடிந்தது. சொந்தக்காரர்கள் படத்தை நிறுத்தி நிறுத்தித் தேடுவார்கள். "இந்தக் கால் உங்க கால்தானே?" என்று கேட்பார்கள்.

முதல் நாள் வராமல் போனவரைப் பற்றிப் பிற்பாடு அந்தப் படத்தின் கேமராமேன் சொன்னார். பிணமாக நடிக்கிறவர் வேலை முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதுவரை கேமராவை அணைக்கக் கூடாது. அந்தத் துண்டு படத்தில் வராது. யாரும் பார்ப்பதும் இல்லை. ஆனாலும் எடுப்பார்கள். அந்த மனிதருக்கு அதற்கு முந்தின படத்தில் எடுக்க மறந்துவிட்டார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, பேக்கப் என்று சொல்லி அவசரமாக மூட்டை கட்டினார்கள். அந்த வாரமே அவர் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து போய்ச்சேர்ந்தார்.

"அதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் கேமராமேன். "தரை ஈரமா இருந்திருக்கு. ஆனா அதுக்கப்புறம் நான் மறந்ததில்ல."

இதைப் போய் வேடிக்கையாக மனைவியிடம் சொல்லிவைத்தார். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷூட்டிங் போய்விட்டு அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே தையல் மிஷின் நின்றுவிடும்.

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

மிஷின் மறுபடி ஓடும். அதற்கப்புறம்தான் தண்ணீர், பேச்சு, மற்றதெல்லாம். ஒரு தடவை, "ஐயையோ, மறந்துட்டாங்களே" என்று சொல்லிப் பார்த்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்று தெருவில் இறங்கி நின்றாள். சும்மா சொன்னேன் என்று அவளை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

*

புது இயக்குநர் ஒரு பெண். அவளுக்கு அது முதல் படம். மூன்றாவது மாடியில் ஒரு காலி ஃபிளாட்டைப் பிடித்திருந்தாள். கதையின் தொடக்கம் மட்டும் அவருக்குத் தெரியும்: ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள், கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவன் செத்துக் கிடக்கிறான், புருஷனைக் காணோம். திரை மாட்டவும், செத்துக் கிடக்கவும் அவரையே வரச்சொல்லியிருந்தாள்.

முதல் காட்சி அவளுக்குப் பிடிபடவில்லை. சோபா எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், பிணத்தின் தலை எந்தத் திசையில் என்று தரையில் சாக்கட்டியால் வரைவாள். பிறகு காலாலேயே அழிப்பாள். அவளுடைய முழங்கால் இரண்டும் வெள்ளையாக இருந்தன.

"ஆரம்பிச்சதும் என்ன தெரியணும்?" என்றாள்.

"வாசல்ல செருப்பு," என்றார் அதே பழைய கேமராமேன்.

"எல்லாப் படத்துலயும் செருப்புதான் சார்."

"குழாய் சொட்டுது."

"பிளம்பரைக் கூப்பிடத்தான் தோணும். பயம் எங்க வரும்?"

சின்னக் கேமரா ஒன்றை வைத்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். அவர் ஏணியிலிருந்து இறங்கி, வரைந்த கோட்டுக்குள் படுத்துக்கொண்டார். கேமரா கதவிலிருந்து வந்தது; ஜன்னலிலிருந்து வந்தது; மேலேயிருந்து இறங்கியது. இயக்குநர் மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பிணம் பிணமா இருக்கு. இனிமே அந்தாளுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. அப்புறம் நான் எதுக்குப் பயப்படணும்?"

"மேடம், நான் வேற மாதிரி சாகட்டுமா?" என்றார் அவர் தரையிலிருந்து.

"நீங்க பேசாதீங்கண்ணே, செத்துட்டீங்க."

அரைநாள் போனது. கேமராமேன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, "சரி, சாப்பிட்டு வந்து யோசிப்போம். பாடி, எந்திரிச்சுச் சிரி," என்றார்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். ஒரு கன்னத்தில் தரை ஓட்டின் கோடு பதிந்திருந்தது. கேமராவைப் பார்த்துச் சிரித்தார். எப்போதும் சிரிப்பதுதான். ஆனால் இயக்குநர் அதுவரை அதைப் பார்த்ததில்லை. உதடுகள் முதலில் விரிந்தன. கண்கள் இன்னும் வந்துசேரவில்லை. ஒரு நொடி, கண்கள் செத்தபடியே இருக்க வாய் மட்டும் சிரித்தது. பிறகு கண்களும் வந்தன. ஜன்னல் திரை மாட்டுகிறவர் சிரித்தார்.

அவள் அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இன்னொரு முறை ஓட்டினாள். கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே போட்டாள்.

"கெடச்சிருச்சு. இதான் முதல் சீன்."

"அது படத்துக்கு எடுக்கிறது இல்லம்மா," என்றார் கேமராமேன்.

"அதனாலதான் சார் நல்லாருக்கு."

"இல்லம்மா. அது வேற விஷயம்."

அவள் காதில் விழவில்லை. எழுந்து நடந்தபடி சொல்ல ஆரம்பித்தாள். காலிக் கூடம். ஒருவன் கிடக்கிறான். எந்தச் சத்தமும் இல்லை. எழுந்து உட்காருகிறான். நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். பிறகு, கிடந்த மாதிரியே, கை அதே இடத்தில், கால் அதே இடத்தில், திரும்பப் படுத்துக்கொள்கிறான். அப்போதுதான் கதவில் சாவி திரும்பும் சத்தம்.

"அதுக்கப்புறம் படம் முடியிற வரைக்கும் ஒருத்தன் சீட்ல சாய மாட்டான். எந்த மூலையில எது கெடந்தாலும் எந்திரிக்குமோ எந்திரிக்குமோன்னு பாத்துட்டே இருப்பான்." அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, படத்துல முதல் முகமே உங்களோடதுதான். முழுசாத் தெரியும்."

காலைக் காட்டிச் சொந்தக்காரர்களிடம் நிரூபித்த மனிதர் அவர். மறுக்க மனம் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. கண் கொஞ்சம் தாமதமாக வர வேண்டும் என்றாள். அதுவரை தானாக நடந்ததை அவர் தெரிந்து செய்யக் கற்றுக்கொண்டார். வாயை முதலில் அனுப்பிவிட்டுக் கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். படுத்து, எழுந்து, சிரித்து, மறுபடி படுத்து. ஒவ்வொரு தடவையும் கண்ணை இன்னும் சற்று நேரம் நிறுத்த முடிந்தது. கடைசியில் இயக்குநர் கைதட்டினாள்.

"போதும். பேக்கப்."

"இரும்மா," என்றார் கேமராமேன். "பாடி, இப்ப உன் சிரிப்பைச் சிரி."

அவர் எழுந்து சிரித்தார்.

"ஐயோ, இதான் இருக்கிறதுலயே பெஸ்ட். இதையும் வச்சுக்குவோம்," என்றாள் இயக்குநர்.

கேமராமேனின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. "அப்போ இன்னொண்ணு சிரி."

சிரித்தார்.

"இது அதைவிட," என்றாள் இயக்குநர்.

கேமராமேன் யாரையும் பார்க்காமல் அணைத்தார்.

*

"சிரிச்சீங்களா?"

"நாள் பூரா அதைத்தான் பண்ணினேன்," என்று ஆரம்பித்தார். உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். முதல் முகம் என்றார். தியேட்டரில் அலறப்போகிறார்கள் என்றார். மனைவி துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். மிஷின் ஓடவில்லை.

"எந்திரிச்சுச் சிரிச்சுட்டு?"

"திரும்பப் படுத்துடணும்."

"கடைசியா?"

"கடைசியா என் சிரிப்பைத் தனியாச் சிரிச்சேன். அதுவும் நல்லாருக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க."

"படத்துக்கா?"

"ஆமா."

"அப்ப அது அந்தச் செத்தவன் சிரிச்சது," என்றாள். "நீங்க எப்பச் சிரிச்சீங்க?"

அவர் அன்றைக்குச் சிரித்ததையெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

அவள் தன் ஃபோனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இப்பச் சிரிங்க." சிரித்தார். ஃபோனைத் தாழ்த்திப் படத்தைப் பார்த்தாள். அவரிடம் காட்டவில்லை. அழித்தாள். "சரி, விடுங்க," என்று நூல் கோக்கப் போனாள். ஊசிக்கண் அகப்படவே இல்லை.

அதன் பிறகு அந்தச் சிரிப்பு அவரைவிட்டுப் போகவில்லை. ஒரு வீட்டில் திரை மாட்டி முடித்து, "எப்படிம்மா, கலர் ஒத்துப்போகுதா?" என்று சிரித்தார். அந்த அம்மாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மச்சினன் வந்திருந்தபோது பழைய கதை ஒன்றைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தான். இவரும் சிரித்தார். மச்சினன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"மாமா, அதை மட்டும் செய்யாதீங்க. பாக்க முடியல."

"என்னத்தடா செஞ்சேன்?"

"சிரிச்சீங்க."

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். வாய் போனது, கண்கள் பின்னாலேயே நின்றன. வா வா என்று கூப்பிட்டார். தாமதித்தே வந்தன. முன்பெல்லாம் வந்துகொண்டிருந்தது எப்படி என்று அவருக்கு ஞாபகம் இல்லை. யார் தன் சிரிப்பைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்?

மனைவி அவரிடம் வேடிக்கையாகப் பேசுவதை விட்டுவிட்டாள். அவர் சிரித்துவிடக்கூடும் என்ற பயம். அவர் கண்ணயர்ந்தால், பக்கத்து அறையிலிருந்து, "ஏங்க" என்பாள். "என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். குளியலறைத் தரையில் பழைய கோணிச் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். முப்பது வருஷமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. இப்போது அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினாள். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அவள் பயமில்லாமல் தன்னைப் பார்க்க வேண்டும்.

இயக்குநரிடம் போனார். எடுத்ததை அழித்துவிடச் சொன்னார்.

"அது டெஸ்ட்தானேண்ணே. அழிச்சுட்டாப் போச்சு," என்று அவர் எதிரிலேயே அழித்தாள். "உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேற ஆளை வச்சுக்கிறேன். கோபமெல்லாம் இல்ல. திரையை மட்டும் மாட்டிக் குடுங்க."

வேறு ஆள் வந்தான். இளந்தாரி. அவர் ஏணிமேல் நின்று வளையங்களைக் கம்பியில் கோத்துக்கொண்டே பார்த்தார். அவன் படுத்தான், எழுந்தான், ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி பல்லைக் காட்டினான். இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டாள். மறுபடி மறுபடி எடுத்தார்கள். அவரால் பொறுக்க முடியவில்லை. இறங்கி வந்தார்.

"தம்பி, கண்ணு கூட வரக்கூடாது. அதைப் பிடிச்சு வச்சுக்கணும். இங்க பாரு."

அவன் பார்த்தான். பார்த்தபடியே பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

"சார், எனக்கு இந்த வேஷம் வேணாம் சார்," என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

இயக்குநர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பு தன்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி படத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. இங்கேயே இறக்கிவைத்துவிட முடியுமோ என்றும் தோன்றியது.

"நானே பண்றேன் மேடம்," என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி கத்தவில்லை. கத்தரிக்கோலை உறையில் போட்டாள்.

"நானும் வர்றேன்."

*

அவள் படப்பிடிப்பு எதையும் பார்த்ததில்லை. சமையலறை வாசலில் ஒண்டிக்கொண்டு நின்றாள். தான் தைத்த திரைகள் ஜன்னலில் தொங்குவதைப் பார்த்தாள். புருஷனின் நெற்றியில் ஒருத்தி பிரஷ்ஷால் ரத்தம் தடவுவதைப் பார்த்தாள். அவர் சாக்கட்டிக் கோட்டுக்குள் போய்ப் படுத்ததும் அவளுடைய கை முந்தானையைத் தேடியது.

பெரிய கேமரா மெதுவாக நகர்ந்தது. அவர் எழுந்தார். சிரித்தார். திரும்பப் படுத்தார். கை அதே இடத்தில், கால் அதே இடத்தில். இயக்குநர் மூச்சை விட்டாள். "ஓகே." முதல் தடவையிலேயே முடிந்துவிட்டது.

கேமராமேன் வழக்கமானதைச் சொல்லவில்லை. லென்ஸை மூடினார். பேட்டரியைக் கழற்றி, சமையலறை வாசலுக்குக் கொண்டுபோய் அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப யாரும் எடுக்கலம்மா. நீங்களே கேளுங்க."

அவள் வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "எந்திரிங்க. யாருக்கும் வேணாம், எனக்கு ஒண்ணு சிரிங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். முயன்றார். வாய் முன்னால் போவது அவருக்கே தெரிந்தது. அவள் முகத்தில் அதைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வரமாட்டேங்குது," என்றார்.

"முன்னாடி வந்துச்சே."

"அப்ப நான் கவனிக்கல."

இயக்குநர் தொண்டையைக் கனைத்தாள். விளக்குக்காரர்கள் மேலே பார்த்துக்கொண்டார்கள். மனைவி தரையிலிருந்த சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தாள்.

"நகருங்க," என்றாள்.

அவர் நகர்ந்தார். அவள் பேட்டரியைக் கையில் பிடித்தபடியே கோட்டுக்குள் படுத்தாள். தலையைச் சாய்த்தாள். புடவை முழங்காலுக்குக் கீழே சரியாக இருக்கிறதா என்று இழுத்துவிட்டாள். கண்ணை மூடினாள்.

"ஏய், என்ன இது? எந்திரி. எல்லாரும் பாக்கிறாங்க."

அவள் விரல்கள் விரிந்தன. பேட்டரி சறுக்கி ஓரமாகப் போய் நின்றது.

"சரி, புரிஞ்சுது. போதும், எந்திரி."

அவள் கழுத்தோரம் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது, காலையில் தைத்த துணியிலிருந்து. அவர் அந்த நூலைப் பார்த்தார். மூச்சு வந்தால் அது அசைய வேண்டும். அது அசையவில்லை. தனக்குத் தெரிந்த வித்தைதான். எங்கே மூச்சை நிறுத்துவது, எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாம் தெரியும். அந்த நேரம் தாண்டிவிட்டதா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை. தோளைத் தொட்டார். தோள் அவர் கை தள்ளிய பக்கம் போனது.

"ஏய்."

உலுக்கினார். அவள் தலை மறுபக்கம் சாய்ந்தது. அவர் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. குரல் இரண்டாக உடைந்தது. கேமராமேன் ஒரு எட்டு முன்னால் வைத்தார். இயக்குநர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவர் மறுபடியும் கூப்பிட்டார், இந்த முறை கீழ்மாடிக்கே கேட்டிருக்கும்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே அவர் முகத்தைப் பார்த்தாள். தாடை நடுங்குவதைப் பார்த்தாள். நெற்றியில் பூசிய ரத்தம் வேர்வையில் கரைந்து புருவத்துக்கு வந்திருந்தது. விழிகள் இரண்டும் முழுசாக அங்கே இருந்தன. எதுவும் பின்தங்கியிருக்கவில்லை.

"வாசல்ல உங்க செருப்புச் சத்தம் கேக்கிற வரைக்கும் எனக்கு இப்படித்தான் இருக்கும்," என்றாள். "ஒவ்வொரு தடவையும்."

அவர் தலையை ஆட்டினார்.

"சிரிப்பு?" என்று கேட்டார் கேமராமேன் தயக்கத்தோடு.

"வேணாங்க. பயந்துட்டாரு பாருங்க. செத்தவன் பயப்படுவானா? எனக்கு இது போதும்." எழுந்து உட்கார்ந்து, கொண்டை ஊசியைச் சரிசெய்துகொண்டாள்.

இயக்குநர் தன்னையறியாமல் அவள் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா..." என்றாள்.

"என்னைக் கேக்காதம்மா," என்றாள் அவள். "எனக்குத் தையல் கெடக்கு."

பேட்டரியைத் தேடியெடுத்து கேமராமேனிடம் கொடுத்தாள். புடவையின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த சாக்கட்டிப் பொடியைத் தட்டிவிட்டாள். முதுகில் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. தொட்டதும் துவண்ட தோள் நினைவுக்கு வந்ததால், தட்டிவிடக் கை நீட்ட அவர் துணியவில்லை.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபின் இருவரும் இறங்கினார்கள். அவள் முன்னால் போனாள். படிக்கட்டில் வெளிச்சம் குறைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மேலே பார்த்து, அவர் கால் அடுத்த படியில் படும் சத்தம் கேட்ட பிறகே அவள் கீழே இறங்கினாள்.